பங்கு யாருக்கு?

படிப்பகத்திலே இரு இளைஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தனர். மேசைமீது ஏடுகள் விரிந்து கிடந்தன. அவற்றை இருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாதியைப் பற்றியோ, சமயத்தைப் பற்றியோ, மொழியுரிமையைப் பற்றியோ சொற்போர் நடக்கிறது போலும் என்றெண்ணி நாம் செவி சாய்த்தோம். இல்லை! ஒருவர் கையிலே ஆப்பிள் நிறுவனத்தின் பேசி. மற்றவர் கையிலே சாம்சங் நிறுவனத்தின் பேசி. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதே வழக்கு.

"2023ஆம் ஆண்டிலே உங்களை நாங்கள் முந்திவிட்டோம், தெரியுமா தம்பி?" என்றார் மூத்தவர்.

"அதற்கு முன்பு பத்தாண்டுகளுக்கு மேலாக முதலிடத்தில் இருந்தது யார் அண்ணே? நாங்கள்தானே!" என்றார் இளையவர்.

நாங்கள்! அந்த ஒரு சொல்தான் நம் சிந்தையைக் கிளறிற்று. முந்திய நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே. முந்தப்பட்ட நிறுவனத்தின் தலைமையகம் தென்கொரியாவிலே. வாதிட்ட இருவரோ காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள். அந்த நிறுவனங்களிலே அவர்களுக்குப் பணியில்லை, பங்குப் பத்திரமில்லை, இலாபத்திலே காலணாவும் இல்லை. அவர்களுக்கு உள்ளதெல்லாம் திங்கள்தோறும் கட்டவேண்டிய தவணைதான்! பெயருக்குப் பின்னே சாதி வாலை அறுத்தெறிந்தவர்கள். நெற்றியிலே குறியிட மறுத்தவர்கள். "என் குலம் உயர்ந்தது" என்று எவனேனும் மார்தட்டினால் எள்ளி நகையாடத் தெரிந்தவர்கள். அத்தகையோரே, கடல் கடந்த வணிகக் கோமான்களின் கணக்குப் புத்தகத்தைக் காட்டி "நாங்கள்" என்கின்றனர்.

அவர்களைக் கேலி செய்ய நாம் இதை எழுதவில்லை. அந்த "நாங்கள்" என்ற சொல்லுக்குள்ளே பெரியதோர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. நிறுவனங்கள் சந்தைப் பங்குக்காகப் போட்டியிடுகின்றன. போட்டி நடந்தால் போதும், நீதி தானாக வந்து சேரும் என்று நமக்குக் கற்பிக்கப்படுகிறது. வருமா? போட்டி வேறு, அறம் வேறா? அல்லது இரண்டும் ஒன்றா? இதுவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

போட்டியை வசைபாட நாம் புகவில்லை. ஒன்றைக் கண்டிக்கு முன் அதனால் விளைந்த நன்மையை நிறுத்துப் பார்ப்பது பகுத்தறிவாளரின் கடமை. நிறுத்தே பார்ப்போம். தொலைபேசி இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கிலே காத்துக்கிடந்த நாடு இது. 1995ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள், இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு பேசினார். ஒன்றிய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்நாளிலே அது செல்வர் கைப்பொருள். பேசினாலும் கட்டணம், பிறர் பேசுவதைக் கேட்டாலும் கட்டணம்!

இன்று? களையெடுக்கும் பெண்ணின் முந்தானை முடிச்சிலும் கைப்பேசி இருக்கிறது. இந்த மாற்றம் எவருடைய அருளாலும் வந்ததன்று. பல நிறுவனங்கள் ஒன்றையொன்று முட்டி மோதியதாலே வந்தது. 2014ஆம் ஆண்டு சூலையிலே சீனத்துச் சியோமி நிறுவனம் இந்தியச் சந்தையிலே கால் வைத்தது. பெரிய நிறுவனங்கள் பெருவிலைக்கு விற்ற வசதிகளைக் குறைந்த விலைக்குத் தந்தது. 2017ஆம் ஆண்டு முடிவதற்குள், இந்தியச் சந்தையிலே சாம்சங்கையே முந்திற்று. விலை இறங்கியது, தரம் ஏறியது, வாங்குவோர் பயன் பெற்றனர். இதை மறைப்பவன் உண்மையை மறைப்பவன் ஆவான். நூலகமே இல்லாத சிற்றூரிலே, கூலித் தொழிலாளியின் மகள் உள்ளங்கைக்குள் நூலகத்தை விரித்துப் படிக்கிறாள் என்றால், அந்தக் கருவியை நாம் வாழ்த்துவோமேயன்றி வைய மாட்டோம்.

ஆகவே ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: ஏகபோகத்தைவிடப் போட்டி மேல். ஆனால், நோயைவிட மருந்து மேல் என்பதால், மருந்தையே மூன்று வேளையும் சோறாக உண்ண முடியுமா?

முதற்கண், நாம் காணும் போட்டி உண்மையிலேயே எவ்வளவு போட்டி என்று பார்ப்போம்.

நம் ஊர்த் தெருக்கூத்தைக் கண்டிருப்பீர்கள். மேடையிலே கர்ணனும் அர்ச்சுனனும் வில்லை வளைத்து, கண்களை உருட்டி, உலகமே அதிர உறுமுவர். திரைக்குப் பின்னாலே இருவரும் ஒரே தட்டிலே வெற்றிலை பாக்குப் போட்டுக்கொள்வர். அதிலே குற்றமொன்றுமில்லை, கூத்து என்று தெரிந்தேதான் நாம் பார்க்கிறோம். கூத்தைப் போர் என்றெண்ணி, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டால் அதுதான் பேதைமை!

2011ஆம் ஆண்டு, தன் வடிவமைப்பைத் திருடியதாகக் கூறி, ஆப்பிள் நிறுவனம் சாம்சங்மீது அமெரிக்க நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, சாம்சங் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். மேல்முறையீடு, மறு விசாரணை என்று ஏழாண்டுகள் இழுத்து, 2018ஆம் ஆண்டு சூனிலே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அந்த ஏழாண்டுகளிலும் இரு நிறுவனங்களின் அன்பர்களும் உலகெங்கும் வாய்ச்சண்டை போட்டனர். அப்போது நிறுவனங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? ஆப்பிளின் முதற் பேசிக்கே மூளையாக இருந்த சில்லு, சாம்சங் செய்து கொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த 2017ஆம் ஆண்டிலே வெளிவந்த ஐபோன் எக்ஸ் என்ற பேசியின் ஒளிதிரையும் சாம்சங் செய்து கொடுத்ததே. நீதிமன்றத்திலே வாதி, பிரதிவாதி. கணக்கறையிலே விற்பவர், வாங்குபவர்!

2020ஆம் ஆண்டு அக்டோபரிலே, பேசியோடு பெட்டிக்குள் தந்துவந்த சார்ஜரை ஆப்பிள் நிறுத்திவிட்டது. சாம்சங் அதைக் கேலி செய்து விளம்பரம் வெளியிட்டது. மூன்று திங்கள் சென்றன. 2021ஆம் ஆண்டு சனவரியிலே வந்த தன் உயர்விலைப் பேசியின் பெட்டியிலிருந்து சாம்சங்கும் சார்ஜரை எடுத்துவிட்டது. கேலியையும் ஓசைப்படாமல் நீக்கிவிட்டது!

இன்னொன்று. பேசியை இயக்கும் மென்பொருள் உலகிலே பெரும்பாலும் இரண்டே: ஆப்பிளுடைய ஐஓஎஸ், கூகுளுடைய ஆண்ட்ராய்டு. இவ்விரு நிறுவனங்களும் போட்டியாளர்கள் என்று பெயர். ஆயினும், ஆப்பிள் பேசியிலே தன் தேடுபொறியே முதலிலே நிற்கவேண்டும் என்பதற்காகக் கூகுள், 2022ஆம் ஆண்டு ஒன்றுக்கு மட்டும் ஆப்பிளுக்கு ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கிலேதான் இந்த உண்மை வெளிப்பட்டது. கடைத்தெருவிலே அடுத்தடுத்து நின்று மல்லுக்கட்டும் ஓப்போவும் விவோவும், பிபிகே என்ற ஒரே சீனக் குழுமத்தின் வேரிலிருந்து கிளைத்தவை.

இவையெல்லாம் கூடாவொழுக்கம் என்று நாம் சொல்லவில்லை. வணிகத்தின் இயல்பு அது. பகைவனிடமும் வாங்குவான், நண்பனிடமும் வழக்காடுவான், இலாபமே அளவுகோல். நாம் சொல்வது இதுதான்: அவர்களுக்கே பகை இல்லாதபோது, உங்களுக்கு எதற்கு?

இனி, போட்டியின் உயிர்நிலையான "சந்தைப் பங்கு" என்பதை எடுத்துக்கொள்வோம். உலகிலே ஓராண்டில் அனுப்பப்பட்ட பேசிகள் நூறு என்றால், அவற்றில் எத்தனை எவருடையவை என்ற கணக்கே அது. ஐடிசி என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டு ஆப்பிளின் பங்கு நூற்றுக்கு 20.1, சாம்சங்கின் பங்கு 19.4. நம் படிப்பகத்து இளைஞர் "முந்திவிட்டோம்" என்று முழங்கியது இந்த முக்காற் புள்ளி வேற்றுமையைத்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு குறையுண்டு. அதுவே நம் கட்டுரையின் மையம். ஒரு நிறுவனம் முந்துவதற்கு இரு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அறிவைச் செலவிட்டு, பொருளை மேம்படுத்தி, வீணைக் குறைத்து முந்துவது. மற்றொன்று, தன் செலவைப் பிறர் தலையிலே ஏற்றிவிட்டு முந்துவது. மேம்பட்ட மூளையாலும் விலை குறையும். மெலிந்த உடலாலும் விலை குறையும். சந்தைத் தராசின் முள், இரண்டையும் ஒன்றாகவே காட்டும்! 20.1 என்ற எண்ணுக்குள்ளே எவ்வளவு அறிவு, எவ்வளவு வியர்வை, எவ்வளவு கண்ணீர் என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. வாங்குபவனின் பணப்பை அசைந்தால் மட்டுமே அது அசையும். பொருளை வாங்காமல், பொருளைச் செய்பவர் மட்டுமாய் இருப்பவருக்கு அந்தத் தராசிலே தட்டே இல்லை.

காங்கோ நாட்டை நினையுங்கள். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டிலே உலகின் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களிலே சிறுவர்கள் மண் தோண்டி, மூட்டை சுமப்பதை 2016ஆம் ஆண்டு ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு உலகுக்கு எடுத்துக் காட்டிற்று. அந்தச் சிறுவன் எந்த நிறுவனத்தின் பேட்டரிக்காகத் தோண்டினான்? அவனுக்கும் தெரியாது, சந்தைக் கணக்குக்கும் தெரியாது.

காங்கோ தொலைவு என்பீர்களாயின், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையிலே, நம் இளைஞர்களின் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் திருப்பெரும்புதூருக்கு வாருங்கள்.

1998 முதல் பதினான்கு ஆண்டுகள் கைப்பேசி உலகின் முடிசூடா மன்னனாக இருந்தது பின்லாந்து நாட்டு நோக்கியா. 2006ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரிலே அதன் ஆலை இயங்கத் தொடங்கிற்று. உச்ச நிலையிலே ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாகப் பணியாற்றினர்; பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களிலும் பெண்கள் மிகப் பலர். கோடிக்கணக்கான பேசிகள் அவர்கள் கைவழியே உலகுக்குச் சென்றன. 2007ஆம் ஆண்டு ஆப்பிள், தொடுதிரைப் பேசியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டுப் பேசி வந்தது. காற்று திசை மாறிற்று. மாறிய காற்றுக்கேற்பப் பாயை விரிக்க நோக்கியாவின் தலைவர்கள் தவறினர். 2012ஆம் ஆண்டு முதலிடம் சாம்சங்குக்குப் போயிற்று. 2013ஆம் ஆண்டு தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. வரி வழக்கிலே சிக்கியிருந்ததால் திருப்பெரும்புதூர் ஆலை அந்த விற்பனையிலே சேரவில்லை. 2014ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் ஆலை மூடப்பட்டது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எந்த மென்பொருளைத் தேர்வது என்று ஹெல்சிங்கி அருகே கூடி முடிவெடுத்தவர்கள் எவரோ. வரிக்கு வழக்காடியவர்கள் எவரோ. விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். திருப்பெரும்புதூர்த் தொழிலாளி செய்த பிழை என்ன? கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்ததைத் தவிர வேறொன்றுமில்லை. ஆயினும், இருபத்தைந்து வயதிலே "உன் வேலை முடிந்தது" என்று விருப்ப ஓய்வுப் பணம் கையிலே திணிக்கப்பட்டது. வெற்றி பெற்ற நாளிலே சந்தைப் பங்கு நோக்கியாவுக்கு. தோற்ற நாளிலே தோல்வியின் பங்கு தொழிலாளிக்கு! இந்தப் பங்கீட்டை எந்த ஆய்வு நிறுவனமும் கணக்கிட்டு வெளியிடுவதில்லை.

தோற்ற நிறுவனத்தின் தொழிலாளிக்குத்தானே இந்தத் துன்பம், வென்ற நிறுவனத்தின் தொழிலாளி வாழ்கிறான் அல்லவா என்று கேட்கலாம். அதையும் பார்ப்போம். விற்கும் பேசிகளிலே ஐந்தில் ஒன்றே ஆப்பிளுடையது எனினும், இத்துறையின் இலாபத்திலே பெரும்பகுதி அதனிடமே குவிகிறது. அந்த ஆப்பிளுக்காகப் பேசிகளைப் பூட்டித் தருவது பாக்ஸ்கான் நிறுவனம். அதன் ஆலை திருப்பெரும்புதூருக்கு அருகிலே சுங்குவார்சத்திரத்தில் உள்ளது. 2021ஆம் ஆண்டு டிசம்பரிலே, அந்த ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியொன்றின் உணவு நஞ்சாகி, 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். தோழியருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, அந்தப் பெண்கள் நள்ளிரவிலே நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தான் விதித்த தரத்தில் இல்லை என்பதை ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள்தான் ஆலை மீண்டும் திறந்தது.

உலகிலே மிகுந்த இலாபம் ஈட்டும் பேசியைச் செய்யும் பெண்ணுக்கு, நல்ல சோறு கிடைக்க நெடுஞ்சாலையை மறிக்கவேண்டியிருந்தது! போட்டி அவளுக்காக எதையும் செய்யவில்லை. விலைப் பட்டியலிலே அவள் சோறு ஒரு செலவினம், குறைத்தால் வெற்றி. சாலையிலே அமர்ந்தபோதுதான் அவள் மனிதப் பிறவி என்பது தெரியவந்தது.

2024ஆம் ஆண்டு சூனிலே, அதே ஆலையிலே பேசி பூட்டும் பணிக்கு மணமான பெண்களைச் சேர்க்காமல் ஒதுக்குகின்றனர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதிற்று. பாக்ஸ்கான் அதை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தியிலே எவ்வளவு உண்மை என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால், மணமாகிவிட்டது என்பதற்காகப் பெண்ணை வீட்டுக்குள் பூட்டிய பழமைக்கு எதிராக முக்கால் நூற்றாண்டு முழங்கிய இயக்கத்தார், அதே பூட்டு புதுப் பளபளப்போடு ஆலை வாயிலிலே தொங்குகிறதா என்று பார்க்காமல், கையிலுள்ள பேசியின் ஒளிப்படக் கருவியைப் பற்றி மட்டும் வாதிடலாமா?

போட்டி நிறுவனங்களோடு நிற்பதில்லை; நாடுகளையும் மாநிலங்களையும் அது தொற்றிக்கொள்கிறது. "எங்கள் மண்ணுக்கு வாருங்கள், நிலம் தருகிறோம், வரி விலக்குத் தருகிறோம்" என்று ஒவ்வோர் அரசும் கூவி அழைக்கிறது. அழைக்கட்டும், வேலை வேண்டும், தொழில் வேண்டும். ஆனால், ஏலத்திலே எது கூவப்படுகிறது என்று பார்க்கவேண்டும். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியிலே கர்நாடகம், நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க இடந்தரும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றிற்று. இரண்டே திங்களில், ஏப்ரல் 21ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அத்தகைய திருத்தம் ஒன்றை நிறைவேற்றிற்று. வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது என்றும், விருப்பமுள்ளவர்க்கே என்றும் விளக்கம் கூறப்பட்டது. வேலைக்கு ஏங்கி நிற்பவனிடம் "விருப்பமா?" என்று கேட்பது, நீரில் மூழ்குகிறவனிடம் கயிற்றின் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதை ஒக்கும்!

தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய 1923ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால், அன்றைக்குச் சரியாக நூறாண்டு! அரசு திரும்பப் பெற்றது நன்று. அதை மனமாரப் பாராட்டுவோம். ஆனால், நம்மவர் ஆட்சி என்பதற்காக, அந்தத் திருத்தம் வந்ததையே மறந்துவிடுவது நேர்மையன்று. எட்டு மணி நேர வேலை என்ற உரிமை, உலகச் சந்தைப் போட்டி வீசிய ஒரு காற்றிலே ஆடிற்று என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். அதை வீழாமல் காத்தது போட்டியன்று, மக்களின் குரல்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "சட்டம், சங்கம் என்று கட்டுப்படுத்தினால் போட்டி மடியும், போட்டி மடிந்தால் புதுமை மடியும்" என்பர். இந்த அச்சத்துக்குச் சான்றுகளே விடை கூறுகின்றன.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகைச் சார்ஜரைத் திணித்து வந்த காலத்தை அறிவீர்கள். பழைய பேசி போனால் பழைய கம்பியும் குப்பைக்கு. பல ஆண்டுப் போட்டி இந்தச் சிறு தொல்லையை முற்றாகத் தீர்த்ததா? இல்லை. 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்தது: பேசிகளுக்கெல்லாம் பொதுவான ஒரே துளை. 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலே ஆப்பிளும் அதற்குப் பணிந்து மாறிற்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதுமை மடிந்துவிடவில்லை, குப்பைதான் குறைய வழி பிறந்தது.

2018ஆம் ஆண்டு அக்டோபரிலே இத்தாலிய அரசின் போட்டி ஆணையம், மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிப் பழைய பேசிகளின் வேகத்தைக் குன்றச் செய்ததற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. கவனியுங்கள்: இரண்டுக்கும்! போட்டியாளர்கள் இருவரும் ஒரே பிழையைச் செய்யும்போது, "ஒருவன் சரியில்லை என்றால் மற்றவனிடம் போ" என்ற போட்டியின் வாதம் பயன்படுமா? எரிகிற கொள்ளியிலே எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று தேடுவதற்கா வாங்குபவனுக்கு உரிமை?

ஓட்டப் பந்தயத்திற்குக் கோடு வேண்டும், நடுவர் வேண்டும், காலை இடறிவிட்டு முந்தக்கூடாது என்ற விதி வேண்டும். விதி பந்தயத்தைக் கெடுப்பதில்லை. விதிதான் அதைப் பந்தயமாக்குகிறது. விதியின்றி ஓடினால் அதற்குத் துரத்தல் என்று பெயர்! செலவைத் தொழிலாளியின் வயிற்றிலும், சிறுவனின் முதுகிலும், நாளைய மண்ணிலும் ஏற்றும் வழியை அடைத்துவிட்டால், நிறுவனங்களுக்கு எஞ்சுவது ஒரே வழி: அறிவால் முந்தும் வழி. அந்தப் போட்டியை நாம் கைதட்டி வரவேற்கிறோம். போட்டி அறமன்று, அறத்தின் வேலிக்குள் நின்றால் அது நல்ல உழவுமாடு, வேலி தாண்டினால் பயிரை மேயும் மாடு.

ஆகவே, பகுத்தறிவு இளைஞர் செய்யத்தக்கது யாது? பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போது நம் மேசையிலும் ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்கும் தகுதியை அது பறித்துவிடவில்லை. கேள்வி கேட்கும் கடமையையே கூட்டியிருக்கிறது.

முதலாவது, கருவியைக் கருவியாகக் காணுங்கள். கோயில் மணியோசை கேட்டதும் கன்னத்திலே போட்டுக்கொள்பவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். புதிய பேசி வெளியாகும் நாளிலே கடை வாயிலிலே விடியுமுன் வரிசையில் நின்று, கதவு திறந்ததும் ஆரவாரம் செய்பவன் எந்த வகையிலே மாறுபட்டவன்? அங்கே மூலவர், இங்கே முத்திரை. அங்கே உண்டியல், இங்கே தவணை. ஓடுகிற பேசி ஓடட்டும். பழுதானால் பழுது பாருங்கள். பழையதைக் கையில் வைத்திருப்பவனை இழிவாகப் பார்க்கும் பார்வை உங்களிடம் முளைக்குமாயின், அதன் விதை எங்கிருந்து வந்தது என்று ஆராயுங்கள். தோளிலே துண்டு போடக்கூடாது என்று தடுத்த அதே பழைய பார்வை, புதுக் கண்ணாடி அணிந்து வந்திருப்பது தெரியும்.

இரண்டாவது, "எவருக்கு எவ்வளவு சந்தைப் பங்கு?" என்ற செய்தியைப் படிக்கும்போது, பக்கத்திலே இன்னொரு கேள்வியை எழுதி வையுங்கள்: "செய்தவருக்கு எவ்வளவு பங்கு?" அவர் எத்தனை மணி நேரம் நின்றார், என்ன உண்டார், எங்கே உறங்கினார், சங்கம் வைக்க அவருக்கு உரிமை உண்டா, நிறுவனம் தோற்றால் நாளை அவர் என்ன ஆவார்? வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் விடை தேடுவர். வாக்காளர் கேட்கத் தொடங்கினால் ஆள்பவரும் விடை தேடுவர்.

நோக்கியா ஆலையின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பூட்டிக் கிடந்த அந்த ஆலையைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குகிறது என்று 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆலை பிழைத்துக்கொண்டது. அதே சுவர், அதே கூரை. முன்பு ஒரு மன்னனுக்கு உழைத்த இடம், பின்பு வேறு மன்னர்களின் சந்தைக்கு உழைக்கப் புறப்பட்டது. கட்டடத்துக்கு மறுவாழ்வு எளிது. முதலாளி மாறினால் போதும். 2014ஆம் ஆண்டு நவம்பரிலே வெறுங்கையோடு வாயிலைக் கடந்த இளைஞனுக்கு, தொலைந்த ஆண்டுகளை எவர் திருப்பித் தருவார்?

படிப்பகத்து இளைஞர்களிடம் இதையெல்லாம் எடுத்துரைத்தோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு இளையவர் சொன்னார்: "அண்ணே, என் அக்கா ஒருத்தி பேசி பூட்டும் ஆலையில்தான் இரவு வேலைக்குப் போகிறாள். அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை, என்ன பேசி செய்கிறாய் என்று."

கேளுங்கள், தம்பி. இன்றிரவே கேளுங்கள். எந்த நிறுவனத்தின் பேசி என்பதைக் கடைசியிலே கேளுங்கள். கால் வலிக்கிறதா என்பதை முதலிலே கேளுங்கள். "நாங்கள்" என்ற சொல்லை இத்தனை நாளும் கலிபோர்னியாவுக்கும் கொரியாவுக்கும் வாரி வழங்கினீர்களே, அதை உங்கள் அக்காவுக்குக் கொடுங்கள். அவளும் நீங்களும் நாமும் சேர்ந்து "நாம்" என்று நிற்கும் நாளிலேதான், பங்கு யாருக்கு என்ற கேள்விக்கு நேரிய விடை கிடைக்கும்.